அத்தியாயம் 6: டெபியன் பாதுகாப்புக் கையேட்டில் சேர்ந்து எழுதுவது எப்படி?

பாதுகாப்புக் கையேட்டை யாரும் முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படிப்பதில்லை. சர்வரை அவசரமாகப் பூட்ட வேண்டியவர் நடுவில் ஒரு பக்கத்தைத் திறப்பார். தனக்கு வேண்டிய கட்டளையைப் பிரதி எடுத்து ரூட் உரிமையோடு ஓட்டிவிடுவார். அதில் ஒரு வரி பிசகினாலும் தன் கணினிக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்பார். அந்தக் கணினி உங்கள் கண்ணில் படப்போவதில்லை. ஓடிப்போய்ச் சரிசெய்யவும் முடியாது. அதனால் இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதிதான்: நீங்கள் ஓட்டிப் பார்க்காத வரியை எழுதாதீர்கள்.

1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு 'செக்யூரிங் டெபியன் மேனுவல்' என்றொரு கையேடு உண்டு. அலெக்சாண்டர் ரீல்சன் தொடங்கியதை ஹவியேர் ஃபெர்னாண்டஸ்-சாங்குவினோ பென்யா நெடுங்காலம் வளர்த்தெடுத்தார். 'ஹார்டன்-டாக்' என்ற பெயரில் அது பொதியாகவும் வெளிவந்திருக்கிறது. ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் யாரும் திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். அதன் பல பகுதிகள் பழைய வெளியீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புதிதாக வருபவருக்கு அங்கே வேலை நிறைய இருக்கிறது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

1. சோதனைக்கு ஒரு மெய்நிகர் கணினி. விர்ச்சுவல்பாக்ஸ் போதும், கேவிஎம் பழக்கம் இருந்தால் அதுவும் சரி. அதில் டெபியனின் தற்போதைய நிலையான வெளியீட்டைப் புதிதாக நிறுவுங்கள். 2023 ஜூனில் வந்தது டெபியன் 12, 2025 ஆகஸ்டில் வந்தது டெபியன் 13.
2. சரிபார்த்த நிறுவல் கோப்பு. ஐஎஸ்ஓ கோப்போடு தரப்படும் எஸ்எச்ஏ-512 பட்டியலையும் அதன் கையொப்பத்தையும் சோதித்த பிறகே நிறுவுங்கள். பாதுகாப்பைப் பற்றி எழுதுபவர் இந்தப் படியைத் தாண்டக் கூடாது.
3. ஸ்னாப்ஷாட். நிறுவி முடித்ததும் எதையும் தொடாமல் ஒன்று எடுத்து வையுங்கள். ஒவ்வொரு சோதனையையும் அங்கிருந்தே தொடங்குவீர்கள்.
4. கிட் பழக்கம். கிளை பிரிப்பது, மாற்றத்தைப் பதிவுசெய்வது, பேட்ச் எடுப்பது ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.
5. மின்னஞ்சல் முகவரி. டெபியனின் வழு அறிக்கைகள் மின்னஞ்சல் வழியே போகின்றன. உங்கள் முகவரி அங்கே என்றென்றும் எல்லோர் கண்ணிலும் படும். தனி முகவரி வைத்துக்கொள்வது நல்லது.

குறிப்பு: கன்டெய்னரில் சோதித்துவிட்டு 'சோதித்தாயிற்று' என்று எழுதாதீர்கள். கன்டெய்னர் தன்னைத் தாங்கும் கணினியின் கெர்னலையே பயன்படுத்துகிறது. கெர்னல் அமைப்புகள், ஆப்ஆர்மர், ஃபயர்வால் ஆகியவற்றைப் பற்றிய முடிவுகள் அங்கே தவறாக வரலாம்.

## படி 1: சின்ன வேலையைப் பிடியுங்கள்

முதல் நாளே கையேட்டை மாற்றி எழுதக் கிளம்ப வேண்டாம். காலாவதியான ஒரு வரியைக் கண்டுபிடித்துத் திருத்துங்கள். அதை மறுபார்வை செய்வது எளிது. உங்கள் வேலை எப்படிப்பட்டது என்றும் மற்றவர்களுக்குத் தெரியவரும். பழைய குறிப்புகளில் தேட வேண்டிய இடங்கள் சில:

1. பாதுகாப்புக் களஞ்சியத்தின் பெயர். டெபியன் 10 வரை வெளியீட்டுப் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டு 'அப்டேட்ஸ்' என்று எழுதினார்கள். டெபியன் 11-இலிருந்து வெளியீட்டுப் பெயரோடு '-செக்யூரிட்டி' என்று சேர்க்க வேண்டும். பழைய வடிவத்தில் வெளியீட்டுப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டவருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராது.
2. பதிவுக் கோப்புகள். டெபியன் 12 முதல் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை. பதிவுகளைச் சிஸ்டம்டி ஜர்னல் வைத்துக்கொள்கிறது. 'ஆத் லாக் கோப்பைப் பாருங்கள்' என்று எழுதியிருந்தால் அப்படியொரு கோப்பே இருக்காது. கடவுச்சொல்லை ஊகிப்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் டெபியன் 12-இல் அந்தக் கோப்பைத் தேடிக் காணாமல் தொடங்க மறுக்கும். அதன் பின்புலத்தைச் சிஸ்டம்டிக்கு மாற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டியது கையேட்டின் பொறுப்பு.
3. ஃபயர்வால். டெபியன் 10 முதல் இயல்பான கருவி என்எஃப்டேபிள்ஸ். ஐபிடேபிள்ஸ் மட்டும் பேசும் பக்கங்கள் திருத்தத்துக்குக் காத்திருக்கின்றன.
4. ஆப்ஆர்மர். டெபியன் 10 முதல் தானாகவே இயங்குகிறது. 'நிறுவி இயக்குங்கள்' என்ற பழைய அறிவுரைக்குப் பதிலாக 'இயங்குகிறதா என்று பாருங்கள்' என்று எழுத வேண்டும்.

## படி 2: யாருக்காக எழுதுகிறீர்கள் என்று ஒரு வரி போடுங்கள்

ஒவ்வொரு பிரிவின் தலையிலும் மூன்று விவரங்கள் இருக்கட்டும்: எந்த வெளியீடு, எத்தகைய கணினி, எந்த ஆபத்திலிருந்து காப்பு. 'இணையத்தில் நேரடியாக நிற்கும் டெபியன் 12 சர்வர். கடவுச்சொல்லை ஊகித்து நுழைபவர்களைத் தடுக்க' என்றால் வாசகருக்கு இது தன் வேலையா இல்லையா என்று உடனே விளங்கும்.

வெளியீட்டைத் துல்லியமாகக் குறிப்பிடுவது கட்டாயம். உபுண்டு டெபியன் வழி வந்ததுதான், ஆனால் 22.10 முதல் அங்கே எஸ்எஸ்எச் சேவையைச் சிஸ்டம்டி சாக்கெட் எழுப்புவதால் போர்ட்டை மாற்றும் முறை வேறு. சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் அடித்தளம் டெபியனே. உங்கள் குறிப்பு அதிலும் வேலை செய்யக்கூடும். ஆனால் 'செய்யக்கூடும்' என்பது கையேட்டில் எழுதத்தக்க சொல் இல்லை. அதிலும் நிறுவிச் சோதித்தால் பெயரைச் சேருங்கள், சோதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

## படி 3: ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஆறு உறுப்புகள்

பலர் சேர்ந்து எழுதும் கையேட்டில் ஆளுக்கொரு பாணி புகுந்தால் வாசகர் தடுமாறுவார். எழுதத் தொடங்கும் முன்பே குழுவோடு ஒரு சட்டகத்தை முடிவுசெய்யுங்கள். கீழ்க்கண்ட வரிசை நன்றாக வேலை செய்கிறது:

1. ஏன் – ஓரிரு வாக்கியங்கள், அதற்கு மேல் வேண்டாம்.
2. முன்நிபந்தனை – தொடங்கும் முன் எது தயாராக இருக்க வேண்டும்.
3. செய்முறை – எண்ணிட்ட படிகள். ஒரு படியில் ஒரே ஒரு செயல்.
4. சரிபார்ப்பு – மாற்றம் உண்மையிலேயே நடந்ததா என்று அறியும் வழி.
5. பக்கவிளைவு – இதனால் எது நின்றுபோகலாம்.
6. திரும்பும் வழி – பழைய நிலைக்குக் கொண்டுவருவது எப்படி.

அவசரத்தில் எழுதுபவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் நான்காவதையும் ஆறாவதையும். இந்த இரண்டும் இல்லாத பரிந்துரையை மறுபார்வையில் திருப்பி அனுப்பலாம், தவறில்லை.

## மாதிரி: எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்துதல்

ஏன்: இணையத்தில் இருக்கும் எந்த எஸ்எஸ்எச் சேவையையும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிப் பார்க்கின்றன. சாவி வழி நுழைவு மட்டும் இருந்தால் கடவுச்சொல் ஊகம் பலிக்காது.

முன்நிபந்தனை: சாவி வழியாக ஏற்கெனவே நுழைய முடிகிறது. எஸ்எஸ்எச் இல்லாமலும் கணினியைத் தொட ஒரு வழி (நேரடித் திரை அல்லது சேவை நிறுவனம் தரும் கன்சோல்) உண்டு.

செய்முறை:

1. இப்போது திறந்திருக்கும் எஸ்எஸ்எச் சாளரத்தை மூடாமல் வையுங்கள். கடைசிப் படி வரை அதுதான் உங்கள் உயிர்நாடி.
2. இரண்டாவது சாளரத்தில், சாவியைக் கொண்டு நுழைய முடிகிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் இங்கேயே நிறுத்துங்கள்.
3. முதன்மை அமைப்புக் கோப்பைத் தொடாதீர்கள். டெபியன் 11 முதல் அதனருகில் துணை அமைப்புகளுக்கென்று ஒரு அடைவு உண்டு. அங்கே பெயர் '00' என்று தொடங்கும் புதிய கோப்பில் கடவுச்சொல் நுழைவை மறுக்கும் வரியை எழுதுங்கள்.
4. அதே கோப்பில் 'கீபோர்ட்-இன்டராக்டிவ்' நுழைவையும் மறுத்து ஒரு வரி சேருங்கள். அது திறந்திருந்தால் பாம் (பிஏஎம்) என்ற அங்கீகார அமைப்பின் வழியே கடவுச்சொல் மீண்டும் உள்ளே வந்துவிடும்.
5. சேவையைத் தொடாமல் அமைப்புக் கோப்பை மட்டும் சோதிக்கும் விருப்பம் எஸ்எஸ்எச்டி கட்டளையிலேயே இருக்கிறது. அதை ஓட்டுங்கள். பிழை ஏதும் வராவிட்டால் அடுத்த படி.
6. சேவையை 'ரீலோடு' செய்யுங்கள்.

சரிபார்ப்பு: மூன்றாவது சாளரத்தில் சாவியோடு நுழைந்து பாருங்கள். பிறகு, சாவி இல்லாத வேறொரு கணினியிலிருந்து முயன்று பாருங்கள். கடவுச்சொல்லைக் கேட்காமலே மறுக்க வேண்டும். இரண்டும் சரியானால் மட்டும் முதல் சாளரத்தை மூடுங்கள்.

பக்கவிளைவு: கடவுச்சொல்லை நம்பி ஓடும் பேக்அப் ஸ்கிரிப்ட்டுகளும் கோப்பு அனுப்பும் கருவிகளும் நின்றுபோகும்.

திரும்பும் வழி: புதிய கோப்பை அழித்துவிட்டு மீண்டும் ரீலோடு செய்யுங்கள்.

குறிப்பு: கோப்பின் பெயர் '00' என்று தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் வந்தால், எஸ்எஸ்எச் முதலில் படித்ததையே ஏற்கும். துணை அடைவை இணைக்கும் வரி முதன்மைக் கோப்பின் தலையிலேயே இருக்கிறது. அடைவிலுள்ள கோப்புகள் அகர வரிசையில் படிக்கப்படுகின்றன. கிளவுட் சர்வர்களில் கிளவுட்-இனிட் கருவி கடவுச்சொல்லை அனுமதிக்கும் கோப்பொன்றை அங்கே வைத்திருக்கலாம். முதன்மைக் கோப்பின் அடியில் 'வேண்டாம்' என்று எழுதியவர், பூட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் திறந்த கதவோடு இருப்பார். சரிபார்ப்புப் படி இருப்பது இதைப் பிடிக்கத்தான்.

## படி 4: பதிப்பு எண்ணை எழுதும்போது கவனம்

2024 ஜூலை 1 அன்று ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது: சிவிஇ-2024-6387. மூல மென்பொருளில் அது 9.8-இல் அடைக்கப்பட்டது. உடனே பலர் '9.8-க்கு மேம்படுத்துங்கள்' என்று எழுதினார்கள். டெபியன் 12-இல் இருந்ததோ 9.2. அதைப் பார்த்த ஒருவர் பதறிப்போய் மூல நிரலை இறக்கித் தானே கட்டமைத்தால், அன்று முதல் டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்கள் அவருடைய எஸ்எஸ்எச்சுக்கு வராது.

உண்மையில் டெபியன் 12-இல் திருத்தம் அன்றே வந்துவிட்டது. பதிப்பு 9.2 ஆகவே இருந்தது. பின்னொட்டு மட்டும் 'டெப்12யு3' என்று மாறியது. நிலையான வெளியீட்டில் புதிய பதிப்பைக் கொண்டுவராமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவருவது டெபியனின் வழக்கம். ஆகவே கையேட்டில் இந்த வரிசையில் எழுதுங்கள்:

1. ஓட்டையின் சிவிஇ எண்.
2. ஒவ்வொரு டெபியன் வெளியீட்டிலும் திருத்தம் வந்த பொதியின் முழுப் பதிப்பு, பின்னொட்டோடு.
3. மேம்படுத்திய பிறகு எந்தச் சேவையை மறுபடி தொடங்க வேண்டும்.
4. மேம்படுத்தல் மட்டும் போதாதென்றால், வேறென்ன செய்ய வேண்டும்.

நான்காவது வரியை மறக்க முடியாதபடி செய்தது 2008 மே 13 அன்று வந்த அறிவிப்பு. 2006-இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையைப் போக்குவதற்காக இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றில் ஒன்று சமவாய்ப்பு எண்களுக்கு விதை போடும் வரி. அதன்பின் சாவி உருவாக்கத்தில் மாறிக்கொண்டிருந்தது செயலின் அடையாள எண் மட்டும். ஒரு வகைச் சாவிக்கும் அளவுக்கும் 32,768-க்குள்தான் சாத்தியங்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். பொதியை மேம்படுத்தியதும் ஓட்டை அடைபட்டது, ஆனால் அந்த இடைக்காலத்தில் பிறந்த சாவிகள் பலவீனமாகவே இருந்தன. அவற்றைத் தேடி நீக்கி, புதியவை உருவாக்க வேண்டியிருந்தது.

## படி 5: திருத்தத்தை அனுப்புதல்

1. டெபியனின் கிட்லேப் தளமான சல்சாவில் கையேட்டின் மூலத்தைப் பிரதி எடுத்து, தனிக் கிளை பிரித்துக்கொள்ளுங்கள்.
2. ஒரு கிளையில் ஒரே ஒரு பொருள். எழுத்துப்பிழைத் திருத்தத்தையும் ஃபயர்வால் மாற்றத்தையும் கலக்காதீர்கள். கலந்தால் முக்கியமானது பிழைத்திருத்தங்களுக்கு நடுவே ஒளிந்துவிடும்.
3. மாற்றக் குறிப்பில் மூன்று விவரம் எழுதுங்கள்: முன்பு என்ன இருந்தது, ஏன் தவறு, எந்த வெளியீட்டில் சோதித்தீர்கள்.
4. மெர்ஜ் ரிக்வெஸ்ட் கொடுங்கள். சல்சாவில் கணக்கு இல்லாவிட்டால் 'ரிப்போர்ட்பக்' கருவியால் வழு அறிக்கை அனுப்பி, பேட்ச்சை அதோடு இணைத்து, 'பேட்ச்' என்று குறியிடுங்கள்.
5. பதில் வரத் தாமதமானால் பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள். மறுமுனையில் இருப்பவரும் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தன்னார்வலரே.

எச்சரிக்கை: டெபியனின் வழு அறிக்கைகள் முழுக்கப் பொதுவெளியில் இருப்பவை. உண்மையான சர்வர் பெயர், பயனர் பெயர், பதிவுக் கோப்பு, சாவி எதையும் இணைக்காதீர்கள். எடுத்துக்காட்டுக்கு ஐபி முகவரி வேண்டுமானால், ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட 192.0.2.0 முதல் 192.0.2.255 வரையிலானவற்றைப் பயன்படுத்துங்கள்.

எச்சரிக்கை: எழுதும் வழியில் யாருக்கும் தெரியாத புதிய ஓட்டை உங்கள் கண்ணில் பட்டால் கையேட்டிலும் எழுதாதீர்கள், வழு அறிக்கையும் போடாதீர்கள். டெபியன் பாதுகாப்புக் குழுவுக்குத் தனி மடலில் தெரிவியுங்கள். திருத்தம் வந்தபின் கையேட்டில் சேர்க்கலாம்.

## படி 6: மறுபார்வை செய்வதும் ஏற்பதும்

சேர்ந்து எழுதுவதன் முழுப் பயனும் இந்தப் படியில்தான். எழுத்தை மட்டும் படித்து 'நன்றாக இருக்கிறது' என்பது மறுபார்வை ஆகாது.

1. சுத்தமான ஸ்னாப்ஷாட்டிலிருந்து தொடங்கி, எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். உங்களுக்குத் தெரிந்த எதையும் கூடுதலாகச் செய்யாதீர்கள்.
2. எங்கே நின்றீர்களோ அங்கே ஒரு படி விடுபட்டிருக்கிறது. அதைக் குறியுங்கள்.
3. திரும்பும் வழியையும் நடத்திப் பாருங்கள்.
4. வெளியிலிருந்து கோப்பை இறக்கி நேராக ரூட்டாக ஓட்டச் சொல்லும் வரி இருந்தால் ஏற்காதீர்கள், அனுப்பியவர் யாராக இருந்தாலும்.

'யாராக இருந்தாலும்' என்று அழுத்திச் சொல்லக் காரணம், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் 2024 மார்ச் 29 அன்று அம்பலமான விவகாரம். நீண்டகாலம் பொறுமையாக உழைத்து, பராமரிப்பாளர் பொறுப்பையே பெற்ற ஒருவர் அந்த மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு வைத்திருந்தார். எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட மெதுவாக இருப்பதை ஆராயப்போன ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகள் வரை அது வந்திருந்தது. நிலையான வெளியீட்டுக்குள் நுழையவில்லை. கையேட்டுக் குழுவிலும் பழகிய பெயருக்கென்று சலுகை வைக்காதீர்கள்.

உங்கள் எழுத்தை மற்றவர் திருத்தும்போது காரணம் கேளுங்கள், பதிலைக் கிளையிலேயே பதிந்து வையுங்கள். 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் நீக்கப்பட்ட வரிகளைப் பற்றியும் முன்கூட்டிப் பொதுவில் கேட்கப்பட்டது. ஆனால் அந்த வரிகளின் வேலை என்ன என்பது கேள்வியிலும் பதிலிலும் முழுமையாக வெளிப்படவில்லை. எனவே கேள்வியோடு முழுப் பகுதியையும் ஒட்டுங்கள். எங்கே, எதற்காக மாற்றப்போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

## தமிழில் கொண்டுவர விரும்பினால்

டெபியனின் நிறுவல் நிரல் ஏற்கெனவே தமிழில் பேசுகிறது. கையேட்டுப் பகுதிகளையும் கொண்டுவரலாம். மொழிபெயர்ப்பு பிஓ கோப்புகளில் நடக்கும்.

1. கட்டளை, கோப்புப் பெயர், அமைப்பின் பெயர் ஆகியவற்றை மொழிபெயர்க்காதீர்கள். வாசகர் தட்டச்சு செய்யப்போவது அதைத்தான்.
2. 'ஃபஸி' என்று குறியிட்ட வரிகளை அப்படியே விடாதீர்கள். மூலம் மாறிவிட்டது, உங்கள் தமிழ் பழையதாகிவிட்டது என்று பொருள்.
3. 'கூடாது', 'வேண்டாம்', 'தேவையில்லை' மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடாதீர்கள். முதலாவது தடை, இரண்டாவது அறிவுரை, மூன்றாவது விருப்பம்.
4. தமிழ்ப் பகுதியையும் ஒருவர் ஓட்டிப் பார்த்த பிறகே சேருங்கள்.

## வழக்கமான தவறுகள்

- எல்லாவற்றையும் பூட்டச் சொல்வது. ஐம்பது பரிந்துரைகளைக் கண்டு மலைத்தவர் ஒன்றையும் செய்யமாட்டார். தானியங்கிப் பாதுகாப்புத் திருத்தம், சாவி வழி நுழைவு, தேவையற்ற சேவைகளை நிறுத்துதல் ஆகிய மூன்றையும் முன்னால் வையுங்கள்.
- வரிசைப் பிசகு. ஃபயர்வாலை இயக்கிவிட்டு எஸ்எஸ்எச்சை அனுமதிக்கும் விதியைப் பிறகு எழுதச் சொன்னால், தொலைவிலிருப்பவர் நடுவழியில் வெளியே தள்ளப்படுவார். அனுமதி முதலில், இயக்கம் பிறகு.
- பிறர் எழுத்தை ஒட்டுவது. சிஐஎஸ் பெஞ்ச்மார்க் என்ற பாதுகாப்புப் பரிந்துரை ஆவணங்கள் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தில் வருகின்றன. ஜிபிஎல் கையேட்டுக்குள் அவற்றின் வாசகம் வரக் கூடாது. படித்துப் புரிந்துகொண்டு, சோதித்து, சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள்.
- 'பாதுகாப்பானது' என்று முடிப்பது. எந்த ஆபத்து குறைந்தது என்று சொல்லுங்கள். எது மிச்சமிருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

## அனுப்பும் முன் சரிபார்ப்புப் பட்டியல்

1. வெளியீடும் கணினி வகையும் பிரிவின் தலையில் இருக்கின்றனவா?
2. ஒவ்வொரு கட்டளையும் சுத்தமான ஸ்னாப்ஷாட்டில் ஓட்டப்பட்டதா?
3. சரிபார்ப்பும் திரும்பும் வழியும் எழுதப்பட்டிருக்கின்றனவா?
4. தொலைவிலிருப்பவர் எந்தப் படியிலாவது வெளியே தள்ளப்படும் வாய்ப்பு உண்டா? உண்டென்றால் அந்தப் படிக்கு முன்பே எச்சரிக்கை இருக்கிறதா?
5. உண்மையான பெயர், முகவரி, சாவி எதுவும் சிக்கிக்கொள்ளவில்லையே?
6. உங்களைத் தவிர இன்னொருவர் ஓட்டிப் பார்த்தாரா?
7. சோதித்த மாதமும் ஆண்டும் பிரிவின் அடியில் இருக்கின்றனவா?

டெபியனின் புதிய நிலையான வெளியீடு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அது வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பே சோதனைக் கிளையை நிறுவி, நீங்கள் எழுதிய பிரிவுகளை முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வேலை செய்பவற்றில் தேதியை மாற்றுங்கள், செய்யாதவற்றைத் திருத்துங்கள். திருத்த நேரமில்லாவிட்டால் அந்தப் பிரிவை நீக்கிவிடச் சொல்லி அறிக்கை அனுப்புங்கள். வாசகர் நம்பி ஓட்டும் தவறான வரியைவிட வெற்றிடம் நல்லது.